சொல்லுக்குச் சொல் மாற்றும் பட்டியல்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில், மாடு பிணைத்துச் சூடு மிதித்த காலத்தில், களவெட்டிக்குள் கால் வைத்தவர் எவரும் நெல்லை நெல்லென்று சொல்வதில்லை. பொலி என்றே சொல்வர். நெல்லுக்கு மட்டுமன்று, களத்தில் புழங்கிய வேறு பலவற்றுக்கும் களத்துக்கேயுரிய தனிப்பெயர்கள் இருந்தன. ஊரிலே வழங்கும் சொல்லைக் களத்திலே உச்சரித்தால் பூதங்கள் கேட்டிருந்து பொலியைக் கவர்ந்துவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. சிங்கள உழவரிடையேயும் ‘கமத’ என்னும் களத்துக்கு இத்தகைய தனிமொழி ஒன்று வழங்கியது. இரு மொழி பேசிய உழவர்கள் ஒரே அச்சத்தை ஒரே உபாயத்தால் எதிர்கொண்டனர் என்பதை, இனங்களைப் பிரித்து வைத்தே வரலாறு எழுதுவோர் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.

இவ்வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் மொழி என்னும் நோக்கில் பார்க்குமிடத்து, அவ்வுழவர் ஒவ்வொருவரும் தம் நினைவில் இரு நிரல்களைக் கொண்ட பட்டியல் ஒன்றைச் சுமந்து நின்றமை புலனாகும். இடப்பக்கத்தில் ஊர்ச்சொல், வலப்பக்கத்தில் களச்சொல். வாய் திறக்குமுன் மனம் அப்பட்டியலைப் பார்த்துவிடும். அப்பட்டியலுக்கு எல்லையும் உண்டு. களத்து வரம்பைத் தாண்டி வீடு திரும்பியதும் அது தானே ஓய்ந்துவிடும். மனைவியிடம் எவரும் களச்சொல்லில் சோறு கேட்பதில்லை. எங்கே மாற்ற வேண்டும், எங்கே மாற்றலாகாது என்ற அறிவு அப்பட்டியலின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இன்று அதே தொழிலைக் கணினி செய்கின்றது. ஒரு கோப்பிலே இரு நிரற் பட்டியல் ஒன்றை எழுதி வைத்து, வேறு ஆயிரம் கோப்புகளிலுள்ள சொற்களை அப்பட்டியலின்படி மாற்று என்று பணித்தால், ஒரு நொடியிலோ சில நொடிகளிலோ அது முடித்துக் கொடுக்கின்றது. இத்தொழிலுக்கென்றே பிறந்தது போன்றதொரு கணினி மொழி பேர்ள். அம்மொழியைப் பற்றியும், அதற்கு முன்பே நம்மவர் செய்து வைத்த பட்டியல்களைப் பற்றியும், இரண்டும் இன்று சந்திக்கின்ற இடத்தில் நம் பிரதேசத்துத் தமிழுக்கு நேரக்கூடியவற்றைப் பற்றியுமே இங்கு எழுதப் புகுந்தோம்.

தமிழிலே சொற்பட்டியல் புதிதன்று. திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் பட்டியல்களே. ஆனால் நிகண்டு ஒரு சொல்லுக்கு நிகரான பல சொற்களை அருகருகே நிறுத்தி, தெரிந்தெடுக்கும் பொறுப்பைப் புலவனிடம் விட்டது. ‘இதற்குப் பதில் இதையே எழுது’ என்று கட்டளையிடும் பட்டியல், மேலைநாட்டு அறிவியல் நம் கரையை அடைந்தபோதே தேவைப்பட்டது. 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; உடற்கூற்று நூலைத் தமிழாக்கினார். நரம்புக்கும் நாளத்துக்கும் என்ன பெயர் இடுவது என்று ஒருவர் தீர்மானித்து எழுதி வைத்தாலன்றி அக்காரியம் ஓரடியும் நகர்ந்திராது. தமிழகத்தில் 1916 ஆம் ஆண்டு சேலத்திலே இராஜாஜி முதலியோர் கூடி அறிவியற் சொற்களுக்கெனச் சங்கம் அமைத்தனர். சென்னை அரசினர் 1932 இல் வெளியிட்ட பட்டியலில் வடசொற்கள் மிகுந்திருந்தமை பெருங்கண்டனத்துக்குள்ளாயிற்று.

அக்கண்டனத்தின் பின் எழுந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் நம்மவர். காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்து, மயில்வாகனன் என்ற பெயருடன் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்ற சுவாமி விபுலாநந்தரே அவர். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்து வெளியிட்டதும் அதே 1892 இல் என்பது தற்செயலான பொருத்தமாயினும், அந்நூலின் இசைப்பகுதியே பிற்காலத்தில் அடிகளாரின் ‘யாழ்நூ’லுக்கு வித்தாயிற்று என்பதை எண்ணும்போது சுவையாக இருக்கின்றது. அடிகளார் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறியவர். ஒரு கையில் தொல்காப்பியமும் மறு கையில் பௌதிகமும் கொண்ட இவ்வகையினர் அன்று மிகச் சிலரே. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1936 ஆம் ஆண்டு நடந்த சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். அப்பணியின் பேறாகக் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதி 1938 இல் வெளியாயிற்று. பக்கந்தோறும் இரு நிரல். இடப்பக்கத்தில் ஆங்கிலம், வலப்பக்கத்தில் தமிழ்.

இலங்கையில் 1945 ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் மேல் வகுப்புகளும் படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறின. கமக்காரன் மகனும் மீனவன் மகளும் பௌதிகம் படிப்பதற்கு ஆங்கிலம் தடையாயிருந்த நிலை அப்போதுதான் நீங்கத் தொடங்கிற்று. அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 60களிலும் பாடத்துக்கொரு சொற்றொகுதியாகத் தமிழிலும் வெளியிட்டது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என 1956 இல் சட்டமியற்றிய ஓர் அரசின் திணைக்களத்திலிருந்தே தமிழ்ச் சொற்றொகுதிகளும் வெளிவந்தன என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. அத்தொகுதிகளை ஆக்கிய தமிழறிஞர்களோ மரபில் மிகக் கண்டிப்பானவர்கள். கிரந்த எழுத்தை அவர்கள் வாயிலில் நிறுத்தினார்கள். ஆகவேதான் நம் மாணவருக்கு ஒட்சிசனும் ஐதரசனும் காபனும் கிடைத்தன. அக்கரைத் தமிழருக்கு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கார்பனும் கிடைத்தன.

இவை ஒலிபெயர்ப்பு வேறுபாடுகள். பெரிய தொல்லை தருவன அல்ல. தொல்லை வேறிடத்தில் இருக்கின்றது. திசையைக் கருதாது ஓரலகு நேரத்திற் செல்லும் தூரத்தை இலங்கைப் பாடநூல் கதி என்கின்றது. திசையும் சேர்ந்ததை வேகம் என்கின்றது. தமிழ்நாட்டுப் பாடநூலோ முன்னதை வேகம் என்கின்றது; பின்னதைத் திசைவேகம் என்கின்றது. நமது ஆர்முடுகல் அவர்களுக்கு முடுக்கம். நாம் அமுக்கம் என்று சொல்வதை அவர்கள் அழுத்தம் என்கின்றார்கள். நமக்கோ அழுத்தம் என்பது மின்னியற் சொல். ஒரே சொல் இரு கரையிலும் இரு பொருளில் நிற்கின்றது என்பதை அறியாமல், இணையத்திற் கிடைக்கும் தமிழ்நாட்டுப் பௌதிகப் பாடங்களைப் படிக்கும் உயர்தர வகுப்பு மாணவர் படும் அவதி ஆசிரியர்களாகிய நமக்குப் புதியதன்று. இப்பாடங்களை நம் வழக்குக்கும், நம் பாடங்களை அவர்கள் வழக்குக்கும் மாற்றித் தரவல்ல கருவி ஒன்று இருந்தால் எத்துணைப் பயன் விளையும்!

கருவி இருக்கின்றது. லாரி வோல் என்னும் அமெரிக்கர் 1987 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பேர்ள் மொழியை உலகத்துக்கு இலவசமாக வழங்கினார். இவர் மொழியியல் பயின்றவர். எழுத்தில்லாத மொழியொன்றைக் கண்டுபிடித்து, அதற்கு எழுத்து வகுத்து, விவிலியம் முதலியவற்றை அதில் பெயர்க்க வேண்டுமென்று தம் துணைவியாருடன் திட்டமிட்டிருந்தவர். உடல்நிலை இடந்தராமையால் அமெரிக்காவிலேயே தங்கிக் கணினித் தொழிலில் இறங்கினார். கிறீன் வைத்தியரும் இவரும் ஒரே வழியில் நடக்கப் புறப்பட்டவர்கள் என்று சொல்லத் தோன்றுகின்றது. மொழிக்கு முதலில் அவர் இட எண்ணிய பெயர் முத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அப்பெயரில் ஏற்கெனவே ஒரு கணினி மொழி இருந்தமையால் ஓரெழுத்தைக் குறைத்தார். விலை கேளாமலும், அதன் உட்பொறியை மறைக்காமலும் அவர் வழங்கியமை குறிப்பிடத்தக்கது. இலட்சக்கணக்கிற் பணங்கொடுத்து மென்பொருள் வாங்க வகையற்ற ஒரு கிராமப் பாடசாலைக்கு இதன் அருமை தெரியும்.

பேர்ளிலே ‘ஹாஷ்’ என்றொரு கொள்கலம் உண்டு. திறவுச்சொல்லைக் கொடுத்தால் அதனோடு இணைந்த பெறுமதியை உடனே எடுத்துத் தரும். அடிகளாரின் தொகுதியில் விரல் வைத்துத் தேடும் வேலையை அது செய்கின்றது. பட்டியற் கோப்பை வரி வரியாக வாசித்து, இடப்பக்கச் சொல்லைத் திறவாகவும் வலப்பக்கச் சொல்லைப் பெறுமதியாகவும் ஹாஷில் இட வேண்டும். பின்பு ‘எஸ்’ என்னும் ஓரெழுத்துக் கட்டளை, மாதிரி ஒன்றுக்குப் பொருந்தும் எழுத்துத் தொடரைக் கண்டவிடமெல்லாம் மற்றொன்றை வைக்கும். இவ்வளவே அடிப்படை. அனுபவமுள்ளவர் பத்துப் பதினைந்து வரிகளில் எழுதிவிடுவர். அப்பத்து வரிகளில் எத்தனை பள்ளங்கள் இருக்கின்றன என்பதே நாம் சொல்ல வந்தது.

கதி, வேகம் என்னும் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். பட்டியலில் இரண்டு வரிகள்: கதி என்பதற்கு வேகம், வேகம் என்பதற்குத் திசைவேகம். முதல் வரியின்படி கோப்பு முழுவதையும் மாற்றி, அதன் பின் இரண்டாம் வரியை எடுத்தால் நேர்வது என்ன? கதிகள் யாவும் வேகம் ஆகின. அவ்வேகங்களும் பழைய வேகங்களும் சேர்ந்து திசைவேகம் ஆகின. நியூற்றனுக்கு முற்பட்ட குழப்பத்துக்கு மாணவனை ஒரு நொடியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். வரிசையை மாற்றி வைத்தால் இவ்விரண்டுக்கும் சரியாகலாம். ஆனால் ஒன்றுக்கொன்று இடம் மாறும் சொற்கள் இருப்பின் எவ்வரிசையும் உதவாது. அன்றியும், ஹாஷினுள் இட்டவை நாம் இட்ட வரிசையில் வெளிவருவதில்லை. 2013 இல் வந்த பதிப்பு முதல், ஒவ்வொரு முறை ஓடும்போதும் அவ்வரிசை மாறக்கூடும். நேற்றுச் சரியாக வந்த கோப்பு இன்று பிழையாக வரலாம்.

இதற்குத் தீர்வு, கோப்பை வரிக்கு வரி பலமுறை உழாமல் ஒரே முறை உழுவது. இடப்பக்கச் சொற்கள் அனைத்தையும் ‘இதுவோ, இதுவோ, இதுவோ’ என்ற பொருள்படக் கோத்து ஒரே மாதிரியாக்க வேண்டும். எது அகப்படுகின்றதோ அதை ஹாஷிலே பார்த்து மாற்றிவிட்டு, மாற்றியதைத் திரும்பிப் பாராமல் மேலே செல்ல வேண்டும். புதிதாக வைத்த வேகம் இனி எவர் கண்ணிலும் படாது. கோக்கும்போது நீண்ட சொற்களை முன்னும் குறுகியவற்றைப் பின்னும் நிறுத்துதல் அவசியம். ஏனெனில் பேர்ள் முதலிற் பொருந்தியதையே எடுக்கும், நீண்டதைத் தேடிக் காத்திராது. பல சொற்களை ஒரே நடையில் தேடும் இக்கலைக்கு நல்ல வழியொன்றை 1975 இல் ஆல்பிரெட் அஹோ, மார்கரெட் கோரசிக் என்னும் இருவர் வெளியிட்டனர். அவர்கள் அதனைக் கண்டது எதற்கெனின், நூற்பட்டியல்களிலே சொல் தேடுவதற்கு. நூலகரின் தேவையிலிருந்து பிறந்த அவ்வழி 2007 இல் பேர்ளின் உட்பொறியிலேயே இடம்பெற்றது. பட்டியலில் பதினாயிரம் சொல் இருந்தாலும் வேகம் குன்றாமைக்கு அதுவே காரணம்.

வரிசைச் சிக்கல் தீர்ந்தது. எல்லைச் சிக்கல் இருக்கின்றது. கணினிக்குச் சொல் தெரியாது. எழுத்துத் தொடரே தெரியும். ‘கதி’ என்ற தொடர் கதிர் என்பதில் இருக்கின்றது, கதிரையில் இருக்கின்றது, ஆண்டுதோறும் மட்டக்களப்பிலிருந்து கால்நடையாக யாத்திரிகர் செல்லும் கதிர்காமத்தில் இருக்கின்றது. எல்லை வகுக்காத பட்டியல் இவற்றையெல்லாம் சிதைக்கும். இவையேனும் சிரிப்புக்கிடமானவை. ‘அகதி’ என்பதிலும் அதே தொடர் இருக்கின்றது. 1990 இன் பின்னும், 2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல் கொண்ட பின்னும், 2007 இல் படுவான்கரை மக்கள் வாவி கடந்து வந்த போதும், நம் பகுதியில் எழுதப்பட்ட தாள்களிலெல்லாம் நிறைந்திருக்கும் சொல் அது. அகதி முகாம் ‘அவேகம் முகாம்’ ஆகிவிட்டால், பின்னொரு காலத்தில் அச்சொல்லைக் கொண்டு தேடும் ஆய்வாளனுக்கு அம்மக்கள் இருந்ததாகவே தெரியாது.

சொல்லின் தொடக்கமும் முடிவும் பார்த்துப் பொருத்துமாறு பேர்ளைப் பணிக்கலாம். அதற்குரிய குறி உண்டு. ஆனால் கோப்பிலிருப்பது தமிழ் எழுத்து என்பதை முதலில் அதற்குச் சொல்ல வேண்டும். யுனிகோட் முறையில் சேமித்த கோப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மும்மூன்று பைட்டுகளாகக் கிடக்கின்றது. சொல்லாவிடின் பேர்ள் அவற்றை எழுத்தென்று அறியாது, பைட்டு பைட்டாகவே தடவிச் செல்லும். சொல்லெல்லை எங்கென்று அதற்குத் தெரியாது. 2002 இல் வந்த 5.8 ஆம் பதிப்பின் பின் இது செம்மையாக இயலுகின்றது.

எல்லை வகுத்த பின் எதிர்த்திசையில் ஒரு தொல்லை புறப்படுகின்றது. ‘கதி’ என்ற முழுச்சொல் மட்டுமே மாறும் என்றால், கதியை, கதியின், கதிக்கு என்பவை மாறா. ஆங்கிலச் சொல்லுக்குச் செய்த உபாயம் தமிழுக்குப் போதாது. உடம்படுமெய்யும் சாரியையும் குறுக்கே நிற்கின்றன. கதியின் என்பதை வேகமின் என்று எழுத முடியுமோ? வேகத்தின் என்றல்லவா எழுத வேண்டும்! அத்துச் சாரியை எங்கே வரும் என்பதை நன்னூலார் சொல்லியிருக்கின்றார்; பட்டியல் செய்பவர் அதைப் படித்திருக்க வேண்டும். வேற்றுமை உருபேற்ற வடிவங்களைத் தனித்தனி வரிகளாக எழுதினால் பட்டியல் பத்து மடங்காகும். அவ்வாறு எழுதியேனும் ஆகவேண்டும். கணினித் துறையில் புகும் மாணவருக்கு இனி இலக்கணம் எதற்கு என்று கேட்கும் பெற்றோருக்கு இதைவிட நல்ல விடை நமக்குக் கிடைக்கவில்லை.

இத்தனையும் செய்த பின்னரும், ‘இந்த ஏழையின் கதி என்ன?’ என்ற வாக்கியம் ‘இந்த ஏழையின் வேகம் என்ன?’ என்று மாறுவதை எவ்விதியாலும் தடுக்க இயலாது. அங்கே பொருளறிந்த ஒருவர் கண் வேண்டும். களவெட்டி உழவரிடம் இருந்த அறிவு அதுவே: இடமறிதல். பௌதிகப் பாடக் கோப்புக்குரிய பட்டியலைச் சிறுகதைக் கோப்பின் மேல் ஏவுவது, பொலி என்ற சொல்லை வீட்டு அடுக்களைக்குக் கொண்டு வருவதை ஒக்கும்.

அமுக்கம், அழுத்தம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அமுக்கத்தை அழுத்தமாக மாற்றிவிட்டு, ஏற்கெனவே இருந்த அழுத்தத்தை அப்படியே விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். மறுநாள் மனம் மாறிப் பழைய நிலைக்குத் திருப்ப முயன்றால், எந்த அழுத்தம் முன்பு அமுக்கமாயிருந்தது என்பதற்குக் கோப்பிலே சான்றில்லை. இரு சொற்களை ஒன்றாக்கும் வரி ஒவ்வொன்றும் திரும்பாப் பாதை. பேர்ளிலே, கோப்பை அதனிடத்திலேயே திருத்தும்போது பழைய பிரதியை வேறு பெயரில் காத்து வைக்கும் வசதி உண்டு. அவ்வசதியைப் பலர் சோம்பலால் விட்டுவிடுகின்றனர்.

இப்போது நம் பிரதேசத்துக்கு மிகவும் வேண்டப்பட்ட வேலைக்கு வருவோம். யுனிகோட் பரவுமுன் இலங்கையில் தமிழ் தட்டச்சிட்டவர்களுள் மிகப் பலர் பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. பாடசாலை வினாத்தாள், கோயில் மலர், நினைவு மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை, கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டக் குறிப்பு என்று 1990களிலும் அதன் பின்னும் எழுதப்பட்ட எத்தனையோ பாமினியிலேயே கிடக்கின்றன. பாமினி செய்தது யாதெனின், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தமையே. தமிழ் என்ற சொல் அக்கோப்பிலே உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என ஐந்து குறிகளாக இருக்கின்றது. எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். தேடுபொறிக்கும் அது குப்பையே. சூறாவளியும் போரும் கடலும் விட்டுவைத்த தாள்களைத் தட்டச்சிட்டுக் காத்தவர்களின் உழைப்பு இவ்வாறு கண்முன்னே கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது.

இதனை மீட்பதும் இரு நிரற் பட்டியலே. இடப்பக்கத்தில் பாமினிக் குறிகள். வலப்பக்கத்தில் யுனிகோட் தமிழ். உயிர்மெய்கள் அனைத்தையும் எழுதினால் இருநூறு வரிகளைத் தாண்டும். முன் சொன்ன பள்ளங்கள் யாவும் இங்கே மீண்டும் வருகின்றன. பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில் இகரம் இருக்கின்றது. காற்புள்ளியோ ‘பெரிது’ என்று கணிதத்தில் வழங்கும் கூர்ங்குறியின் இடத்தில் இருக்கின்றது. கூர்ங்குறியை முதலிற் காற்புள்ளியாக மாற்றி, அதன் பின் காற்புள்ளிகளை இகரமாக மாற்றினால், பந்தியெங்கும் இகரம் தெளித்தாற்போல் இருக்கும். ஒரே நடையில் மாற்றும் முறை இங்கே இன்றியமையாதது.

ஒற்றைக் கொம்பு பாமினியில் மெய்க்கு முன்னே நிற்கும். யுனிகோடில் பின்னே சேமிக்கப்படும். கொ என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகள். மூன்றையும் ஒருசேரப் பிடிக்காமல் கெ என்று இரண்டை மட்டும் முதலில் மாற்றினால், எஞ்சிய கால் தனியே வந்து ஒட்டிக்கொள்ளும். திரையிலே கொ என்றே தெரியும். உள்ளேயோ வேறு குறித்தொடர். ‘கொக்கட்டிச்சோலை’ என்று தேடினால் அகப்படாது! கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் இவற்றைச் சமன்செய்யப் பேர்ளில் தனியான தொகுதியே உண்டு. மாற்றியபின் அதனூடாக ஒருமுறை செலுத்திவிடுதல் நன்று. ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் பாமினியில் ஒரே வடிவம் என்பதால் கௌ எது, கெள எது என்று பட்டியல் அறியாது. இடையே வரும் ஆங்கிலச் சொல் இன்னொரு தொல்லை. எழுத்துரு விவரம் நீக்கிய வெறுங்கோப்பில், டி, ஓ என்ற இரண்டெழுத்து ஆங்கிலச் சொல்லை இப்பட்டியல் ‘வழ’ என்று மாற்றி வைக்கும்.

இம்மயக்கம் தமிழுக்குப் புதியதன்று. ஏட்டுச்சுவடியில் புள்ளி இடுவதில்லை. ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தெரியாது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் அவற்றை வாசித்துத் தீர்த்தது பல சுவடிகளை ஒப்பிட்டே. ஒரு சுவடியில் பிழைத்த இடம் மற்றொன்றில் சரியாக இருக்கும். ஏனெனில் ஏடெழுதுவோர் வெவ்வேறு இடங்களில் சோர்ந்தனர். கணினி சோர்வதில்லை. அது பிழைத்தால் ஆயிரம் கோப்பிலும் ஒரே இடத்தில், ஒரே வகையாகப் பிழைக்கும். ஒப்பிடுவதற்கு மாறுபட்ட பிரதி ஒன்றும் மிஞ்சாது. ஏடெழுதியவனின் சோர்வுக்குப் பதிப்பாசிரியர் எவ்வளவு கடமைப்பட்டிருந்தனர் என்பது இயந்திரம் வந்த பின்பே நமக்குப் புலப்படுகின்றது.

ஊர்ப்பெயர்களில் இது அரசியலாகவும் ஆகின்றது. காரைதீவும் கல்முனையும் அக்கரைப்பற்றும் 1961 ஆம் ஆண்டு வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அவ்வாண்டிலே அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது. இன்றைய நிலைக்கேற்பத் ‘திருத்தம்’ செய்யும் ஒருவர், காரைதீவு மட்டக்களப்பு மாவட்டம் என்று கண்டவிடமெல்லாம் அம்பாறை மாவட்டம் என்று மாற்றப் பட்டியல் எழுதலாம். நோக்கம் நல்லதாயிருக்கலாம். ஆனால் 1950களில் ஒரு கல்முனை விவசாயி காணி வேண்டி எழுதிய மனுவின் படியிலும் அம்மாற்றம் விழுந்தால், அம்மனு அன்று இல்லாத ஒரு மாவட்டத்திலிருந்து எழுதப்பட்டதாகிவிடும். போலியென்று தள்ளவும் இடமேற்படும். பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் வழங்கியதே 1949 இல் தொடங்கிய குடியேற்றத் திட்டத்தின் பின் கல்லோயா என்று நிலைபெற்றது. பழையதை நீக்கிப் புதியதை இடும் ஒரு வரி போதும், அப்பெயர் வழங்கிய சான்றே பழைய தாள்களிலிருந்து மறைந்துவிடும். ‘பட்டிப்பளை’ என்று மட்டும் எழுதிவிட்டாலோ, வாவியின் மேற்கே அப்பெயரிலேயே இருக்கும் பிரதேசமும் ஆற்றோடு அடித்துச் செல்லப்படும். நிலத்துக்கும் நீருக்கும் வழக்குள்ள நாட்டில் இது வெறும் எழுத்துப் பிழை அன்று.

ஆகவே, பட்டியலை யார் எழுதினார், எந்த ஆண்டில், எவ்வகைக் கோப்புக்காக என்பனவற்றைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதி, மாற்றிய கோப்புகளோடு அதனையும் மூலக்கோப்புகளையும் சேர்த்தே வைத்தல் வேண்டும். 1938 ஆம் ஆண்டுத் தொகுதி அச்சில் நின்றமையால் அடிகளாரின் குழு எச்சொல்லை எதற்கு ஈடாக வைத்தது என்று இன்றும் கேள்வி எழுப்பலாம், மறுக்கலாம். ஏவியபின் எறிந்துவிட்ட பட்டியலைக் கேள்வி கேட்க முடியாது.

வட்டார வழக்கைப் பற்றியும் ஒரு சொல். முதியோரின் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கும் முயற்சிகள் ஆங்காங்கே நடைபெறுகின்றன. அவ்வெழுத்துப்படியில் வரும் மறுகா என்பதைப் பிறகு என்றும், கிறுகு என்பதைத் திரும்பு என்றும், ஆணம் என்பதைக் குழம்பு என்றும் மாற்றப் பட்டியலிட்டுக் கொடுக்கும் ‘செம்மையாளர்’களும் இருக்கின்றனர். வி. சீ. கந்தையா 1964 இல் ‘மட்டக்களப்புத் தமிழக’த்தை எழுதியபோது இம்மண்ணின் வழக்காறுகளைத் தேடிச் சேர்த்தார், அறுபது ஆண்டுகளின் பின் அவற்றைக் களைவதற்குப் பட்டியல் எழுதுவது எந்த வகை முன்னேற்றமோ தெரியவில்லை.

செய்யக்கூடியது வேறொன்றிருக்கின்றது. அதே பேர்ளைக் கொண்டு, பட்டியலில் அகப்பட்ட சொற்களை மாற்றாமல் விட்டு, எந்தப் பட்டியலிலும் எந்த அகராதியிலும் அகப்படாத சொற்களை மட்டும் தனிக் கோப்பில் எழுதுமாறு பணிக்கலாம். ஹாஷில் இருக்கின்றதா என்று கேட்டு, இல்லை என்றால் எழுது என்பது இரண்டு வரி வேலை. அக்கோப்பிலே தட்டச்சுப் பிழைகள் முதலில் வரும். அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மறுகாவும் கிறுகும் ஆணமும் வரும், சூடு அடுக்கியோரும் வட்டவிதானையும் முல்லைக்காரரும் வழங்கிய சொற்கள் வரும். வலப்பக்க நிரல் வெறுமையாக இருக்கும் அப்பட்டியலை அச்சிட்டு, விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர் கையில் கொடுத்து, பொருள் கேட்டு எழுதிவரச் சொல்லலாம்.